குழாய் உறையாமல் காக்கும் ஹீட்டிங் கேபிள்: வேலை செய்கிறது, சொல்லத்தான் மாட்டேன் என்கிறது

செம்பரம்பாக்கத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே இருந்துகொண்டு, கேரவனின் தண்ணீர்க் குழாய் உறையாமல் காக்கும் கேபிள் ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால் ஐஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். மீன் கடைக்கு வரும் ஐஸ் பாரில் பாதியை வாங்கி, உடைத்து வாளியில் கொட்டி, கேபிளின் தெர்மோஸ்டாட் முனையை அதற்குள் புதைத்தேன். சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் அது தானாக ஆன் ஆக வேண்டும், 10 டிகிரியைத் தாண்டினால் ஆஃப் ஆக வேண்டும். ஆன் ஆனதா? பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதில் விளக்கே இல்லை.

அயர்ன் பாக்ஸில் விளக்கு இருக்கிறது. ஸ்டெபிலைசரில் இருக்கிறது. கொசுவத்தி மெஷினில்கூட இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆள் தூங்கும்போது வேலை செய்ய வேண்டிய, நின்றுபோனால் காலையில் வண்டியின் பிளம்பிங்கையே பிளந்துவிடக்கூடிய ஒரு சாதனத்தில் ஒரு பொட்டு எல்.இ.டி. வைக்க உற்பத்தியாளருக்கு மனம் வரவில்லை. கடைசியில் இன்வெர்ட்டருக்குப் போகும் பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியர் ஏறுவதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

கேபிள் என்னவோ அருமையான சரக்கு. இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கரித்தூள் கலந்த பாலிமர். குளிர்ந்தால் அது சுருங்கி அதிக மின்சாரத்தை விடும். சூடேறினால் விரிந்து தானே குறைத்துக்கொள்ளும். அதனால் பிளாஸ்டிக் குழாயை உருக்காது. பழைய வகைக் கேபிளை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் அந்த இடம் கருகும். இதில் அந்தப் பயமில்லை. டிராவலர் வேனை கேரவனாக மாற்றியபோது தண்ணீர்த் தொட்டியைக் கட்டிலுக்கு அடியில், உள்ளேயே வைத்துவிட்டோம். அங்கிருந்து சிங்க்குக்குப் போகும் லைன் மட்டும் தளத்துக்குக் கீழே வெளியே ஓடுகிறது. அதன் நீளத்துக்கு 4 மீட்டர் கேபிளை நேராகப் படுக்க வைத்து, அலுமினிய டேப் ஒட்டி, மேலே ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் டியூபை மாட்டினேன். கடுங்குளிருக்கு ஃபோம் மட்டும் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது சூட்டைத் தராது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பிறகு ரெக்காங் பியோ, நாக்கோ வழியாக இமாசலத்தின் ஸ்பிதிக்குப் போனோம். அங்குள்ள காஸா 3,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தை மாத ராத்திரியில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் குழாயையே நம்புவதில்லை. லைனை வடித்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வண்டிக்கும் முதல் பாடம் அதுதான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறித்தான் எல்போவும் பம்ப்பும் விரிசல் விடுகின்றன.

விளக்கில்லாத குறை ராத்திரியில்தான் உறைக்கும். ரஜாய்க்குள் படுத்துக்கொண்டு, கீழே கேபிள் உயிரோடு இருக்கிறதா என்ற நினைப்பிலேயே தூக்கம் போகும். ஷூ மாட்டி, டார்ச் எடுத்து, வண்டிக்கு அடியில் முதுகால் ஊர்ந்து போனால் ஃபோமின் வெளிப்பக்கம் வெள்ளையாக உறைபனி படிந்து கட்டையாக விறைத்திருக்கும். அதன் பிளவில் விரலை நுழைத்தால் உள்ளே குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை. ஆனால் இந்த விரல் சோதனையை மைனஸ் 20-இல் ஒருவரைச் செய்ய வைப்பது அநியாயம்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நல்ல குளிரில் இது மீட்டருக்கு 15 முதல் 20 வாட் வரை இழுக்கும். 12 மணி நேர ராத்திரிக்கு 4 மீட்டர் என்றால் 720-லிருந்து 960 வாட் ஹவர். 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரியில் இருப்பதே ஏறக்குறைய 1,280. இன்வெர்ட்டர் தின்பதைத் தனியாகக் கழியுங்கள். அதோடு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எனவே அதுவும் ஆள் படுக்கும் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 230 வோல்ட் கேபிள் தண்ணீர்க் குழாயோடு ஒட்டி ஓடுவதால் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம். ரேடியேட்டர் கூலன்ட்டைத் தண்ணீர் லைனில் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், குடித்தால் விஷம்.

ஊட்டிக்கு இதெல்லாம் வேண்டாம். அதன் பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி கொட்டும் ராத்திரியிலும் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே, அதுவும் விடியும் முன் சில மணி நேரம்தான். ஃபோம் டியூப் போதும். வெளியே புல்லில் கிடக்கும் ஹோஸை மட்டும் ராத்திரி கழற்றி வடித்துவிடுங்கள்.

ஸ்பிதிக்கோ லடாக்குக்கோ பனிக்காலத்தில் போகிறவர்கள் கேபிளை வாங்குங்கள், தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்து வரும் செட்டை வாங்காதீர்கள். மீட்டர் கணக்கில் கேபிளை எடுத்து, முனையை அதற்குரிய கிட் போட்டு சீல் செய்து, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் எஸ்டிசி-1000 கன்ட்ரோலரோடு இணையுங்கள். முட்டை இன்குபேட்டருக்குப் போடுவார்களே, அதேதான். சென்சார் குழாயில், டிஸ்ப்ளே தலைமாட்டில். எத்தனை டிகிரி, ஹீட்டர் ஓடுகிறதா என்று படுத்தபடியே பார்க்கலாம். குழாயின் தாழ்வான இடத்தில் ஒரு டிரெய்ன் வால்வும் வையுங்கள். பேட்டரி இறங்கினால் லைனை உடனே வடித்துவிட அது இருந்தே ஆக வேண்டும்.