சதவீதத்தில் அடங்காத தண்டுவடம்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே வண்டி மோதித் தண்டுவடம் அடிபட்டாலும், இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் பாரிமுனை. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றம்தான் சென்னைக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 'எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போட்டாச்சா?' என்ற கேள்வி அந்தக் குடும்பத்தின் காதில் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விழத் தொடங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலம் அதன் கணக்கில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் 2009இல் சரளா வர்மா வழக்கும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கும், நீதிபதிக்கு நீதிபதி மாறிக்கொண்டிருந்த தொகைகளை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தன. பனகல் பார்க் பக்கத்து ஜவுளிக்கடையில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 28 வயது விற்பனையாளருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. வருமான இழப்புக்கு மட்டும் 42,84,000 ரூபாய் வருகிறது. ஏழைத் தொழிலாளியும் தன் வக்கீலிடம் இந்தக் கணக்கைக் கேட்டுச் சரிபார்க்கலாம். இது சிறிய சாதனை அல்ல.

ஊனச் சதவீதத்தை நிர்ணயிக்கும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. மருத்துவர் தரும் சதவீதம் வேறு, பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு சதவீதத்துக்கு 3,000 ரூபாய், 5,000 ரூபாய் என்று பெருக்கிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நீடித்துவந்திருக்கிறது. தண்டுவடம் பாதி மட்டும் அடிபட்ட ஒருவர் தடுமாறியாவது நடப்பார். ஆனால் சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இருக்காது, நாளெல்லாம் கதீட்டர் தேவைப்படும். அவருக்கு 40 சதவீதம் என்று எழுதினால், 5,000 ரூபாய் வீதம் கையில் கிடைப்பது இரண்டு லட்சம். கடையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாதவருக்கு வேலை முழுவதுமாகப் போய்விட்டதை அந்தச் சதவீதம் காட்டாது.

இன்னொரு குறை, பணம் ஒரே தடவை தரப்படுவது. தண்டுவடக் காயமோ வாழ்நாள் முழுவதும் செலவு வைக்கும். பத்தாண்டு கழித்துப் படுக்கைப் புண் முற்றினாலும் சிறுநீரகம் கெட்டாலும் முடிந்த வழக்கை மறுபடி திறக்க முடியாது. இங்கிலாந்தில் 2005 முதல், இழப்பீட்டை ஆயுள் முழுக்கத் தவணையாகத் தரச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட முடிகிறது. நமக்கும் அது வேண்டும். கவனித்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தையாவது பெருக்கெண் முறையில் கணக்கிட வேண்டும் என்று, மூளை அடிபட்ட சிறுமி ஒருத்தியின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. மனைவியோ தாயோ சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்யும் வீடுகளிலும் அந்தத் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மருத்துவத் தவறால் நேரும் காயத்துக்கு வழி நுகர்வோர் ஆணையம். ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் 1990இல் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பொறியியல் மாணவருக்குக் கால்கள் செயலிழந்தன. உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது 2009இல். தொகை நியாயமானது. 19 ஆண்டுகள் நியாயமல்ல.

எது மோதியது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடுவதும் அநீதி. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலையில் பள்ளத்தில் விழுந்து முதுகு உடைந்தால் வழக்குப் போட எதிர்வண்டி கிடையாது. வண்டி தன் பெயரிலும் உரிமம் கையிலும் இருந்தால் 15 லட்சம் வரை தனிநபர் விபத்துக் காப்பீடு கிடைக்கலாம். மற்றவர்கள் மாநகராட்சியோடும் ஒப்பந்ததாரரோடும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

முதல் நாள் உயிரைக் காப்பதில் முன்னேற்றம் உண்டு. கோவைத் தண்டுவட மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2025 மே மாதம் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடெங்கும் வந்தது. தமிழ்நாட்டின் 'நம்மைக் காக்கும் 48' சிகிச்சைத் திட்டம் அதற்கு முன்பே, 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடச் சொல்கிறது. தண்டுவடம் அடிபட்டவர்களோ அந்த ஆறு மாதமும் புரண்டு படுக்கக்கூட ஆள் தேடுகிறவர்கள். இந்தக் கெடுவை நீக்க வேண்டும்.

அது நீங்கும்வரை காத்திருக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். ஆயாவுக்குக் கொடுத்த கூலிக்கும் ரசீது எழுதி வையுங்கள். மெடிக்கல் போர்டு ஊனத்தைப் பார்க்கும் முன் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே முடிந்த தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.