கொப்பரையில் இறங்கும் மண்ணின் ருசி

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்கிறது. கரும்புக்குப் பேர்போன பூமி இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆயிரம் வயல்களின் கரும்பு அங்கே ஒன்றாகக் கலந்து வெள்ளைச் சர்க்கரையாகிவிடும். சொந்தக் கரும்பை வெட்டிக் குடும்பமாக நின்று காய்ச்சும் வெல்லத்தில்தான் ஒரு வயலின் குணம் அப்படியே தங்குகிறது. திராட்சை மதுவை ரசிப்பவர்கள் தோட்டத்து மண்ணை விசாரிப்பார்கள். வெல்லமும் அந்த விசாரிப்புக்குத் தகுதியானது. உவர் மண்ணில் விளைந்த கரும்பின் வெல்லம் நாக்கில் கரிக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் வெல்லம் சீக்கிரமே கசியும். வெட்டிய கரும்பை நாள் கணக்கில் போட்டு வைத்தால் பாகு சரியாகத் திரளாது.

சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது முதல் நயம் சுண்ணாம்பில் இருக்கிறது. கரும்புச்சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது. அந்தப் புளிப்பு சூட்டில் சர்க்கரையை உடைத்துவிடும், வெல்லம் பிசுபிசுக்கும். அளவாகத் தெளித்த சுண்ணாம்புத் தண்ணீர் புளிப்பை அடக்கி, அழுக்கைக் கரும்பச்சை நுரையாக மேலே கொண்டுவருகிறது. கொஞ்சம் கூடினால் வெல்லம் கறுத்துப்போகும். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பை ஊற்றுவோரும் உண்டு. மிச்ச அழுக்கையும் அது திரட்டிக் கொடுக்கும். அடுப்புக்கு விறகு தேட வேண்டியதில்லை. பிழிந்து காய்ந்த சக்கையே எரிகிறது.

இரண்டாவது நயம் பதம். கலங்கிய சாறு மெல்லப் பொன்னிறமாகி, நுரை பெரிய கொப்புளங்களாக வெடிக்கத் தொடங்கும். பொங்கி வழியாமலிருக்க நாலு சொட்டு எண்ணெய். அப்போது பாகில் ஒரு துளியைப் பச்சைத்தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்க்கிறார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. இழுபட்டால் நெருங்கிவிட்டது. உருண்டு வந்து, பாத்திரத்தில் தட்டும்போது சத்தம் எழுப்பினால், உடனே இறக்க வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ். சிறிது தாமதித்தாலும் கருகல் வாடை ஏறிவிடும். மரத்தொட்டியில் கொட்டித் துடுப்பால் கிளறக் கிளறப் பாகு மங்கி, மணல்மணலாகத் திரளும். கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கிறார்கள். 100 கிலோ கரும்புக்கு ஏறத்தாழ 10 கிலோ வெல்லம் தேறும்.

நல்ல வெல்லம் பழுப்பாக இருக்கும், உடைத்தால் உள்ளே மணி மணியாகத் தெரியும். வாயில் போட்டதும் முதலில் இனிப்பு, பிறகு கரும்பின் பச்சை வாசம், கடைசியில் அடிநாக்கில் லேசான கரிப்பு. இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் அழகு. 'ஹைட்ரோஸ்' என்னும் ரசாயனம் போட்டு வெளுத்த மஞ்சள் வெல்லத்தில் கந்தக நெடி முந்திக்கொள்ளும்.

ஜப்பானின் ஓகினாவாப் பகுதியில் எட்டுத் தீவுகளில் இதேபோல் கரும்புவெல்லம் காய்ச்சுகிறார்கள். எந்தத் தீவின் வெல்லம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அங்கே உண்டு. கேரளத்தின் மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. கள்ளக்குறிச்சி வெல்லத்தையும் ஊர்ப்பேர் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். வரும் பொங்கலுக்குக் கடையில் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள், எந்த ஊர்க் கொப்பரை என்று கேளுங்கள், பழுப்பு வெல்லத்துக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகவே கொடுங்கள்.