கூத்தாண்டவர் திருவிழாவில் மருத்துவ முகாம்

அறிவியலா, மதமா என்று பேச்செடுத்தால் எங்கிருந்தாவது கலிலியோ வந்துவிடுவார். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் அந்தப் பழைய வழக்குக்கு வேலையில்லை. இங்கே திருவிழாக் கூட்டத்துக்கு நடுவிலேயே மருத்துவம் கடை விரித்தது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஏற்பாட்டால் யாருக்கு என்ன கிடைத்தது?

கூவாகத்தின் சாமியான கூத்தாண்டவர், அர்ச்சுனனின் மகன் அரவான். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். அத்தோடு அவன் கதை முடிந்தது. தமிழ் மரபு அவனை விடவில்லை. பெருந்தேவனாரின் பாரத வெண்பா அவனைக் களப்பலியாக்கியது. நாட்டார் கதை இன்னும் ஒருபடி மேலே போய், பலிக்கு முன் அவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தது. ஒரே இரவில் தாலியறுக்க எந்தப் பெண்ணும் முன்வராததால் கண்ணனே மோகினியாக வந்தான் என்பது கதை. சித்திரையில் 18 நாள் நடக்கும் விழாவின் உச்சத்தில் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் பந்தலடிக்குப் போகிறது. வளையல் உடைகிறது, தாலி அறுபடுகிறது, வெள்ளைப் புடவை வருகிறது. வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆண்களும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. இந்த விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி இது.

இந்த விழாவுக்குள் மருத்துவம் வந்தது எச்.ஐ.வி. வழியாக. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. ஊர் ஊராகத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத, வீட்டைவிட்டு விரட்டப்பட்டு ஒளிந்து வாழ்ந்த ஒரு சமூகம் ஆண்டுக்கொருமுறை தானாகவே ஓரிடத்தில் கூடுகிறது என்றால் எந்தப் பொதுச் சுகாதாரத் துறைதான் அதைத் தவறவிடும்? ஆணுறை விநியோகம், கலைநிகழ்ச்சி, ஆலோசனை, ரத்தப் பரிசோதனை என எல்லாம் கூவாகத்துக்கு வந்தன. சாமியைப் பழிக்காமல், சடங்கை நிறுத்தச் சொல்லாமல், கும்பிட வந்தவர்களிடம் நோயைப் பற்றிப் பேசினார்கள். ஊர் நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டு வேலை தொடங்கியிருந்தால் ஒருவரும் பக்கத்தில் வந்திருக்க மாட்டார்கள். அந்த அளவில் இது புத்திசாலித்தனமான அணுகுமுறை.

ஆனால் முகாமின் குறை அதன் அறிவியலிலேயே இருக்கிறது. கிருமி உடலில் புகுந்த உடனே எதிர்ப்பொருள் பரிசோதனையில் அகப்படாது; சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். திருவிழா இரவில் தொற்றினால் அதைத் திருவிழா முகாமில் கண்டுபிடிக்க வழியே இல்லை. முகாம் காட்டுவது பழைய கணக்கை. ‘இல்லை’ என்று முடிவு வந்தவர் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள எங்கே போவார்? ‘இருக்கிறது’ என்று வந்தால் அதைத் தேரடி நெரிசலில் எப்படிச் சொல்வது? ஒப்புதலும் ரகசியமும் கட்டாயம் என்று சொல்லும் எச்.ஐ.வி. சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு குறை பார்வையில். விழிப்புணர்வுப் பிரசாரம் முழுக்கத் திருநங்கைகளை நோக்கியே பேசியது. இரவில் அவர்களைத் தேடி வரும் ஆண்கள் வேடிக்கை பார்த்தவர்களாகவே தப்பித்துக்கொண்டார்கள். கூவாகம் என்றால் எய்ட்ஸ் என்று பத்திரிகைகளும் எழுதிப் பழகின. வரம் வாங்க வந்தவர் நோய் பரப்புகிறவராகச் சித்திரிக்கப்பட்டார்.

அதற்காகச் சடங்கின் பக்கம் சாய்ந்துவிடவும் முடியாது. பெண்ணாக வாழ விரும்பியவருக்கு இந்த மரபு மணவறையில் இடம் கொடுத்தது உண்மை. மருத்துவமோ பாலின அடையாள மாற்றத்தை நெடுங்காலம் மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தது; உலகச் சுகாதார நிறுவனம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த 11ஆம் நோய் வகைப்பாடு 2019இல்தான் ஏற்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் கூத்தாண்டவர் அந்த நிறுவனத்தை முந்திக்கொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்த மணவறைக்கு ஆயுள் ஓர் இரவு. விடிந்தால் கைம்பெண் கோலம். அன்று காலில் விழுந்து ஆசி வாங்கியவர்கள், மறுவாரம் அதே திருநங்கை வாடகைக்கு வீடு கேட்டால் தருவார்களா?

சடங்கு, மருத்துவம் இரண்டுக்கும் நடுவே உண்மையான வேலையைச் செய்தவர்கள் திருநங்கைகளே. தேருக்கு முந்தைய நாட்களில் விழுப்புரத்தில் அழகிப் போட்டியோடு கூட்டங்களும் நடக்கும். குடும்ப அட்டை, வேலை, வீடு எனக் கோரிக்கைகள் அங்கே பேசப்பட்டன. 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. கோயில் கூட்டத்தைச் சங்கமாக மாற்றிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தைப் பூசாரியும் திட்டமிடவில்லை, மருத்துவரும் திட்டமிடவில்லை.

கொரோனா வந்தபோது 2020லும் 2021லும் விழா நடக்கவில்லை. விழாவை நம்பி நடக்கும் சுகாதாரப் பணி எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

இன்று திருநங்கைகளின் தேவை எச்.ஐ.வி. சோதனையோடு முடிவதில்லை. ஹார்மோன் மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையின்றி விழுங்குவதால் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பும் வேண்டும். இதற்கான தனிப் பிரிவுகள் சென்னை, மதுரை போன்ற பெருநகர அரசு மருத்துவமனைகளில் உள்ளன. கூவாகம் இருக்கும் மாவட்டத்துக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வாரம் ஒரு நாளாவது அங்கே திருநங்கைகளுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு நடந்தால், உளுந்தூர்பேட்டைக்காரருக்கும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவருபவருக்கும் சித்திரை மாதம்வரை காத்திருக்கும் நிலை இருக்காது.