ஃபிரெட் கோ: தயாரிப்பாளரின் கலை

ஃபிரெட் கோ (டிசம்பர் 23, 1914 – ஏப்ரல் 29, 1979) அமெரிக்கத் தொலைக்காட்சி, மேடை நாடகத் தயாரிப்பாளர். தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் நேரலை நாடகத்தை ஒரு கலைவடிவமாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். அவர் தயாரித்தவற்றில் பலவற்றை அவர் எழுதவில்லை, இயக்கவில்லை, அவற்றில் நடிக்கவும் இல்லை. அப்படியானால் அவர் செய்தது என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அவரை மதிப்பிட விரும்புபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வியும் அதுவே.

இளமையும் கல்வியும்

மிசிசிப்பி மாநிலத்தில் அலிகேட்டர் என்ற சிற்றூரில் கோ பிறந்தார். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்து, அங்குள்ள பீபாடி கல்லூரியில் படித்தார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் உள்ளூர் நாடகக் குழு ஒன்றை நடத்தினார். சம்பளம் வாங்காத நடிகர்கள், குறைந்த பணம், சிறிய அரங்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு நாடகம் போடும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. இந்தக் காலத்தில் அறிமுகமானவர்களை அவர் கைவிடவில்லை. நாஷ்வில்லில் பழகிய டெல்பர்ட் மானும், கொலம்பியா அருகே படைவீரராக இருந்தபோது பழகிய ஆர்தர் பென்னும் பின்னாளில் அவருடைய தொலைக்காட்சி இயக்குநர்கள் ஆனார்கள்.

நேரலை நாடகம்

1945-இல் கோ என்.பி.சி. நிறுவனத்தில் சேர்ந்தார். 1948-இல் 'பில்கோ டெலிவிஷன் பிளேஹவுஸ்' தொடங்கியது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்துவந்த பில்கோ நிறுவனம் இதற்குப் பணம் கொடுத்தது. 1951 முதல் குட்இயர் டயர் நிறுவனமும் முறைவைத்துச் சேர்ந்துகொண்டது. ஞாயிறு இரவில் ஒரு மணிநேரம், வாரம் ஒரு புதிய நாடகம் ஒளிபரப்பானது.

இந்நாடகங்கள் நியூயார்க்கில் நடிக்கப்பட்ட அதே நொடியில் வீடுகளுக்குச் சென்றன. வசனம் மறந்தால் திருத்த வழியில்லை. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு நடிகர்கள் அரங்கப் பொருள்களுக்குப் பின்னால் ஓடிச் செல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் போர்க்களத்தையோ பெருங்கூட்டத்தையோ காட்ட முடியாது. ஒரு சமையலறை, ஒரு பேருந்து நிலையம், அண்மையில் தெரியும் ஒரு முகம் இவ்வளவுதான் அதில் அடங்கும்.

தொடக்கத்தில் கோ புகழ்பெற்ற மேடை நாடகங்களையும் நாவல்களையும் சுருக்கி அளித்தார். வாரம் ஒன்று என்ற கணக்கில் அவை விரைவில் தீர்ந்துபோகும். அப்போது அவர் எடுத்த முடிவே அவருடைய பெரும் பங்களிப்பு. அதிகம் அறியப்படாத இளம் எழுத்தாளர்களை அழைத்து, தொலைக்காட்சிக்கென்றே புதிய நாடகங்களை எழுதச் செய்தார். பேடி சாயெஃப்ஸ்கி, ஹார்ட்டன் ஃபுட், டாட் மோசல், ஜே. பி. மில்லர் ஆகியோர் அவ்வாறு வளர்ந்தவர்கள்.

இரண்டு நாடகங்கள்

1953-இல் ஒளிபரப்பான இரண்டு நாடகங்கள் கோவின் முறையை விளக்கப் போதுமானவை.

மார்ச் 1 அன்று ஹார்ட்டன் ஃபுட்டின் 'தி டிரிப் டு பவுன்டிஃபுல்' ஒளிபரப்பானது. மகனோடும் மருமகளோடும் நெருக்கடியான நகர வீட்டில் வாழும் ஒரு மூதாட்டி, சாவதற்கு முன் தன் சொந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் புறப்படுகிறாள். சென்று சேரும்போது ஊரே இல்லை. வீடு மட்டும் பாழடைந்து நிற்கிறது. மௌனப்படக் காலத்து நட்சத்திரமான லிலியன் கிஷ் அந்த மூதாட்டியாக நடித்தார்.

மே 24 அன்று சாயெஃப்ஸ்கியின் 'மார்ட்டி' ஒளிபரப்பானது. நாடக ஒத்திகை நடந்த நடனக்கூடத்தில், அழைக்கும் ஆணோடு ஆட மறுக்க வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொள்ளும் ஓர் அறிவிப்பை அவர் பார்த்தார். தனிமையில் இருப்பவர்களைப் பற்றிய இந்தக் கதை அங்கிருந்து பிறந்தது. முப்பத்தாறு வயதாகியும் மணமாகாத ஓர் இறைச்சிக் கடைக்காரன், அழகி என்று யாரும் சொல்லாத ஒரு பள்ளி ஆசிரியையைச் சந்திக்கிறான். நண்பர்கள் அவளை இகழ்கிறார்கள். தாய்க்கும் அவளைப் பிடிக்கவில்லை. இறுதியில் அவன் அவளுக்குத் தொலைபேசியில் பேச முடிவு செய்கிறான். நாடகத்தின் உச்சம் அவ்வளவே. மார்ட்டியாக ராட் ஸ்டைகர் நடிக்க, டெல்பர்ட் மான் இயக்கினார். 1955-இல் வெளிவந்த இதன் திரைவடிவம் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

சிறிய கூடத்தையும் சிறிய திரையையும் கோ குறையாகக் கருதவில்லை என்பதை இவ்விரு நாடகங்களும் காட்டுகின்றன. அந்த அளவுக்குப் பொருந்தும் வாழ்க்கையை எழுதத் தெரிந்தவர்களை அவர் தேடினார். சரியான எழுத்தாளரைக் கண்டுகொள்வதும், அவர் எழுதியது சிதையாமல் ஒளிபரப்பு வரை காப்பதும் தயாரிப்பாளரின் கலை என்றால், அக்கலையில் அவர் தேர்ந்தவர்.

மேடையில்

1950-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் படச்சுருளில் எடுக்கப்பட்ட தொடர்கள் பெருகின. நேரலை நாடகம் சுருங்கியது. கோ பிராட்வே மேடையில் அதிகமாக ஈடுபடத் தொடங்கினார். 1958-இல் இரண்டே பாத்திரங்கள் கொண்ட 'டூ ஃபார் த சீசா' நாடகத்தில் ஹென்றி ஃபோண்டாவும் ஆன் பான்கிராஃப்ட்டும் நடித்தனர். 1959-இல் ஹெலன் கெல்லரையும் அவர் ஆசிரியை ஆன் சல்லிவனையும் பற்றிய 'தி மிரக்கிள் வொர்க்கர்' வந்தது. சிறந்த நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. இரண்டையும் எழுதியவர் வில்லியம் கிப்சன், இயக்கியவர் ஆர்தர் பென். 1960-இல் டாட் மோசலின் 'ஆல் த வே ஹோம்' தொடங்கிய சில நாட்களிலேயே நிற்கும் நிலைக்கு வந்தது. ஆயினும் பிழைத்து, முந்நூறு காட்சிகளைத் தாண்டி, 1961-இல் புலிட்சர் பரிசையும் வென்றது. தொலைக்காட்சியில் கோவுக்காக எழுதியவரும் இயக்கியவரும் மேடையிலும் அவரோடு இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

விமர்சனம்

கோவின் நாடகங்களுக்கு எல்லையும் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் மனப்போராட்டங்களில் அவை மிக நுட்பமானவை. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவை உலுக்கிய நிறப்பாகுபாடும், கம்யூனிஸ்டுகள் என்ற ஐயத்தின்பேரில் கலைஞர்கள் வேலையிழந்ததும் பில்கோ நாடகங்களில் பெரும்பாலும் நேரடியாக இடம்பெறவில்லை. விளம்பரதாரர்கள் சர்ச்சையை விரும்பாத காலம் அது. மார்ட்டியின் துயரம் உண்மையானது. எந்த விளம்பரதாரரையும் சங்கடப்படுத்தாத துயரமும்கூட. இதைக் கோ ஒருவரின் குறையாக மட்டும் கூறுவது நியாயமாகாது. எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றொன்று, நாடகமேடையின் அறத்தையே அவர் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். எழுத்தாளரின் பிரதியே மையம், ஒவ்வொரு வாரமும் ஒரு தனிப்படைப்பு என்பது அந்த அறம். ஒரே பாத்திரங்களை ஆண்டுக்கணக்கில் தொடரச் செய்யும் வணிகத்தோடு அது இணங்கவில்லை. ஊடகம் மாறியபோது அவருடைய இடம் சுருங்கியதற்கு இதுவே காரணம்.

இடம்

நேரலை நாடகங்களைத் திரைக்கு முன் படக்கருவி வைத்துப் பதிவு செய்வது அன்றைய வழக்கம். அந்த மங்கலான பிரதிகளில் 'மார்ட்டி' போன்ற சில எஞ்சியுள்ளன. அக்கால ஒளிபரப்பில் ஏராளமானவை அழிந்துவிட்டன. ஆகவே கோவின் உழைப்பை அவர் வளர்த்த எழுத்தாளர்கள் வழியாகவே இன்று பெரிதும் அறிய முடிகிறது. சாயெஃப்ஸ்கி திரைக்கதைக்காக மூன்று முறையும் ஃபுட் இரண்டு முறையும் ஆஸ்கர் பெற்றனர்.

கோ கடைசியாகத் தயாரித்தவற்றுள் ஒன்று 'தி மிரக்கிள் வொர்க்கர்' நாடகத்தின் தொலைக்காட்சிப் படம். மேடையில் சிறுமி ஹெலனாக நடித்த பேட்டி டியூக், இதில் ஆசிரியை சல்லிவனாக நடித்தார். 1979 அக்டோபரில் அது ஒளிபரப்பானபோது கோ உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டு அப்படம் எம்மி விருது பெற்றது. முன்பு கற்றுக்கொண்டவள் இப்போது கற்பிப்பவளாக வரும் அப்படம், இளையவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த ஒரு தயாரிப்பாளரின் பெயரோடு முடிவது பொருத்தமானது.