கடைப் பிள்ளைக்கும் மரியாதை உண்டு

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த சென்னை நண்பர் ஒருவர் எங்கள் கடைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்: "உங்க ஊர்க் கடைக்காரங்க ரொம்ப மெதுவா இருக்காங்க சார். கஸ்டமர்னா ஒரு பயம் வேணாமா?" மெதுவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணப் பெரியகடையில் ஒரு சேலையை விரித்துக் காட்டிய பிள்ளை அடுத்ததை எடுக்க ஆறுதலாகத்தான் போகும். ஆனால் சம்பளத்துக்கு நிற்கிறவர் வாங்க வந்தவருக்கு ஏன் பயப்பட வேண்டும்? அன்று விருந்தாளி என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேசலாம்.

முதலில், நாங்கள் கூப்பிடும் விதம். நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் நடுவில் 'நீர்' என்ற படி எங்கள் பேச்சில் இன்னும் புழங்குகிறது. தேநீர்க் கடையில் மேசை துடைக்கும் இளைஞனிடம், "தம்பி, ஒரு பிளேன்ரீ கொண்டு வாரும்" என்போம். வயதில் மூத்தவர் என்றால் 'அண்ணை', 'வாங்கோ', 'தாங்கோ'. கொழும்பில் சிங்களக் கடைக்குப் போனாலும் 'மல்லி' என்று தம்பி முறை சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். சென்னையில் நான் கேட்டது பெரும்பாலும் 'ஏம்ப்பா'வும் 'டேய் தம்பி'யும்தான். 'தம்பி' அங்கும் உண்டு. முன்னால் நிற்கும் 'டேய்'தான் காதில் குத்துகிறது. அது அங்கே பாசம் என்று விளக்கம் சொன்னார்கள். அந்தப் பாசத்தை முதலாளியிடம் யாரும் காட்டக் காணோம்.

அடுத்து, எங்கள் சாப்பாட்டுக் கடை வழக்கம். கேட்காமலே ஒரு தட்டில் வடை, றோல்ஸ், பற்றீஸ் எல்லாம் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். தின்றதற்கு மட்டும் காசு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதில் சுத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். நான் பார்ப்பது, பரிமாறுகிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் இடையில் இருக்கும் நம்பிக்கையை. எத்தனை தின்றீர்கள் என்று அவர் குறுக்கு விசாரணை செய்வதில்லை; அவர் எண்ணிச் சொன்ன கணக்கை நாமும் மறுப்பதில்லை. எழும்பும்போது கையில் கொடுப்பதைச் 'சந்தோசம்' என்கிறோம். அங்கே அது 'டிப்ஸ்'. சோம்புத் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவை நான் பார்த்தது தீபாவளிக்கு முந்திய நெரிசலில். அந்த ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி துணி எடுத்துப் போடும் இளையவர்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பாட்டை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் காட்டியபோது, அதைப் பார்த்து இங்கே நாங்களும் கலங்கினோம். ஐம்பது சேலையைப் புரட்டிவிட்டு "ஒண்ணும் நல்லா இல்ல" என்று எழுந்து போகும் குடும்பத்தை நானே அங்கே கண்டேன். மடித்து வைத்த பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆனால் கோயம்புத்தூர் வேறு. அங்கே எல்லோருக்கும் 'ங்க'தான். சின்னப் பையனிடமும் "சொல்லுங்க கண்ணு" என்கிறார்கள். கொங்கு நாட்டாரோடு இந்த விஷயத்தில் எனக்கு வழக்கில்லை.

சட்டத்துக்கு வந்தால் தராசு கொஞ்சம் ஆடுகிறது. எங்கள் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதன்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை, ஒன்றரை நாள் விடுமுறை. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி, ஒரு நாள் விடுமுறை. இதுவரை எங்கள் பக்கம்தான் பாரம். ஆனால் 2021இல் தமிழ்நாடு அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. நின்றே கால் வீங்கியவர்களுக்கு அது எத்தனை பெரிய காரியம்! உட்காரச் சட்டம் போட வேண்டிய நிலைக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்க நாக்குத் துடிக்கிறது. ஆனால் எங்கள் புடவைக் கடைகளில் பிள்ளைகள் உட்கார்ந்தா இருக்கிறார்கள்? 'தங்கச்சி' என்று அன்பாகக் கூப்பிடுகிறோம். தங்கச்சி காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

எங்கள் 'நீர்' எல்லோருக்கும் கிடைத்ததும் இல்லை. யாருக்கு நீ, யாருக்கு நீர், யாருக்கு நீங்கள் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பிறகும், தேநீர்க் கடைக்குள் நுழைந்து மற்றவர்களோடு இருந்து குடிப்பதற்கே யாழ்ப்பாணத்தில் போராட வேண்டியிருந்தது. இரட்டைக் குவளை தமிழ்நாட்டிலும் இருந்தது என்பது எங்களுக்குச் சமாதானம் ஆகாது. 2022இன் எரிபொருள் வரிசையையும் மறைக்க முடியாது. பெற்றோல் செட்டில் பம்பைப் பிடித்து நின்ற பெடியனுக்குக் கப்பல் வராததற்கும் டொலர் இல்லாததற்கும் என்ன சம்பந்தம்? ஏச்செல்லாம் வாங்கியவன் அவன்தான். எங்கள் பண்பு அந்த வரிசையில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என் கட்சி மாறவில்லை. கடையில் வேலை செய்கிறவரை வீட்டு ஆளாக நினைத்துப் பேசும் பழக்கம் எங்களிடம் கூடுதலாக உண்டு. பண்பு எங்கள் பேச்சில் இருக்கிறது. தமிழ்நாடு அதைச் சட்டத்தில் ஏற்றப் பார்க்கிறது. பேச்சு மரியாதைக்குச் செலவில்லை என்பதால்தான் நாங்கள் அதைத் தாராளமாகக் கொடுக்கிறோமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

ஆகவே எங்கள் முதலாளிமாருக்கு ஒரு விண்ணப்பம்: கடைக்கு ஆள் வராத நேரத்திலாவது பிள்ளைகள் உட்கார இரண்டு கதிரை போடுங்கள். வாங்க வருகிறவர்களுக்கு: எடுத்துக் காட்டச் சொன்னதை வாங்காவிட்டால், "மினக்கெடுத்திப் போட்டன், குறை நினையாதேங்கோ" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழும்புங்கள். அடுத்த திருவிழாவுக்கு வரும் சென்னை நண்பர்களுக்கு: கொஞ்சம் பொறுத்திருங்கள், சேலை வரும்.