மலைமலரும் தீச்சுடரும்

கல்லறைக் கல்லிலும் தாய்மொழி இருத்தலாகாது என்று ஆணையிட்ட ஆட்சி ஒன்று இருந்தது. இடம், தென் டிரோல்; ஆட்சி, முசோலினியுடையது. முதல் உலகப்போருக்குப்பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலி பெற்ற அம்மலைநாட்டில், ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் கைகோத்து, மொழி வேண்டுமெனில் மண்ணைவிடு, மண் வேண்டுமெனில் மொழியைவிடு என்று மக்களை இருதலைக்கொள்ளி எறும்பாக்கினர்.

அக்கொடுமையின் சாம்பலிலிருந்து, 1945 மே 8 அன்று எழுந்தது தென் டிரோல் மக்கள் கட்சி. எடெல்வைஸ் எனும் மலைமலர் அதன் சின்னம். தோற்றுவித்தோருள் முன்னின்றவர்கள், ஹிட்லரின் அழைப்பை மறுத்து மண்ணிலேயே நின்றவர்கள்!

1946 பாரிசு உடன்பாடு தன்னாட்சி தருவதாகக் கூறிற்று. 1948 சட்டமோ, இத்தாலியர் மிகுந்த டிரெண்டினோவுடன் பிணைத்து, கொடுத்ததைப் பறித்தது. 1957-இல், போரில் காலிழந்த சில்வியுஸ் மக்னாகோ, சிக்மண்ட்ஸ்குரோன் கோட்டையில் ஏறத்தாழ 35,000 பேரைத் திரட்டினார். வெடிகுண்டை நாடியோரும் இருந்தனர். அவரோ வாதாடி வென்றார். 1972-இல் மெய்யான தன்னாட்சி மலர்ந்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஜெர்மன் ஒலித்தது. போற்றத்தக்க வெற்றி, ஐயமில்லை.

ஆனால், கேடயம் எப்போது கூண்டாயிற்று? அரசுப்பணிகள் ஜெர்மன், இத்தாலி, லடின் என்று மொழிக்குழு விகிதப்படி பங்கிடப்பட்டன. ஒவ்வொருவரும் தம் குழுவை எழுதித்தரல் வேண்டும். மனிதரைப் பிரிக்கும் பட்டியலில் பெயரெழுத மறுத்த அலெக்சாண்டர் லாங்கர், 1995-இல் போல்சானோ நகரத்தலைவர் தேர்தலில் நிற்கவே தடுக்கப்பட்டார். உரிமை காக்கப் பிறந்த ஏற்பாடு, உரிமை கேட்டவனையே வாயிலில் நிறுத்திற்று!

நெடுங்காலம் தனிப்பெரும்பான்மை பெற்றிருந்த கட்சிக்கு, 2023-இல் 35 இடங்களுள் கிடைத்தவை 13. 2024 தொடக்கத்தில், முசோலினி வழிவந்தோரின் தீச்சுடரைச் சின்னத்தில் தாங்கும் 'இத்தாலியச் சகோதரர்கள்' கட்சியுடன் அது கூட்டணி கண்டது. இத்தாலியருக்கும் ஆட்சியில் இடமளித்தல் வேண்டும் என்பது சட்டம். எக்கட்சியின் இத்தாலியருக்கு என்று சட்டம் சொல்லவில்லையே!

மொழியுரிமை, பதவிக்குப் படிக்கட்டன்று. மனிதன் மனிதனாக நிமிர்ந்து நிற்பதற்கான நிலம். அந்நிலத்தை மீட்ட கட்சி, அதனைப் பறித்தோரின் சுடரில் குளிர்காயுமாயின், முதலில் வாடுவது மலைமலரே!