ஒரே கல், இரண்டு வாசிப்புகள்

பொதுவாசகருக்காக வரலாறு எழுதுகிறவர்களை இரண்டு வரிசையாக நிறுத்துவது நம் வழக்கம். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு சான்று காட்டியே பழகியவர்கள் ஒரு பக்கம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆர்வம் உந்தக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர்கள் மறுபக்கம். முன்னவர் எழுத்து நம்பகமானது, ஆனால் வறண்டது. பின்னவர் எழுத்து சுவையானது, ஆனால் உஷாராகப் படிக்க வேண்டியது என்று தீர்ப்பும் தயாராக இருக்கிறது. சோழர் வரலாற்றின் ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொண்டாலே இந்தத் தீர்ப்பு ஆட்டம் காணும்.

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களோடு உறவுடையவர்களின் உடைமைகளைப் பறிக்க அரசன் இட்ட ஆணையைப் பதிவு செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இதைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டோடு சேர்த்துப் படித்தார். சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அரியணை வேண்டாம் என்று கரிகாலனின் தம்பி அருள்மொழி, அதாவது பின்னாளைய இராசராசன், ஒதுங்கிக்கொண்டதாகச் செப்பேடு சொல்கிறது. உத்தம சோழன் ஆண்ட காலம் முழுவதும் கொலைக்கு நடவடிக்கை எடுத்த தடயம் இல்லை. இராசராசன் வந்த பிறகே ஆணை பிறக்கிறது. ஆகவே உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு சாஸ்திரி வந்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. கும்பகோணத்தில் நெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியராக இருந்து, தமிழ் வழியாக வரலாற்றுக்குள் வந்தவர் அவர். உத்தம சோழன் மேல் அந்தப் பழியைச் சுமத்தச் சான்று போதாது என்பது அவர் நிலை. துணிந்து ஊகித்தவர் பேராசிரியர். ஊகத்துக்குக் கடிவாளம் போட்டவர் பள்ளி ஆசிரியர். நம் வரிசைகளின்படி இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பதில் தனி ருசி உண்டு. சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் வழி இரண்டு பேரிடமும் வெளிச்சமாக இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டில் அரசனின் இயற்பெயர் இல்லை, ‘இராசகேசரி’ என்ற பட்டமும் இரண்டாம் ஆட்சியாண்டும்தான். இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழர்கள் மாற்றி மாற்றிச் சூடியவர்கள். உத்தம சோழன் பரகேசரி, ஆகவே அவன் இல்லை. சுந்தர சோழன் இராசகேசரிதான், ஆனால் அவனுடைய இரண்டாம் ஆண்டு கொலைக்கு மிகவும் முந்தியது. எஞ்சுபவன் 985இல் பட்டமேறிய இராசராசன். இந்தக் கழித்தலைக் கண்ணெதிரே செய்து காட்டுகிறவரே வரலாற்றை எழுதத் தெரிந்தவர். ‘இராசராசன் ஆணையிட்டான்’ என்று முடிவை மட்டும் நீட்டுகிறவர், சம்பளம் எங்கே வாங்கினாலும், வாசகருக்குச் சேர வேண்டியதில் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார்.

பொதுவாசகருக்குக் கதைதான் வேண்டும், ஐயப்பாடு வேண்டாம் என்று பத்திரிகை உலகில் ஒரு வாதம் உண்டு. அதற்குப் பதில் தமிழிலேயே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, இந்தக் கொலையைத் திட்டவட்டமாக யார் தலையிலும் கட்டவில்லை. வாசகர்கள் சலித்து விலகினார்களா? இன்றுவரை கொலையாளி யார் என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். புதினத்தின் ஐயமே இவ்வளவு ருசிக்கும்போது, உண்மையான கல்லைச் சுற்றிய ஐயம் ருசிக்காமல் போகாது. பக்குவமாகப் பரிமாறத்தான் ஆள் வேண்டும்.

பயிற்சிக்கு மதிப்பே இல்லையா என்பது இதைவிடக் கனமான கேள்வி. நிச்சயம் உண்டு. ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில் இருந்தது, பிரமதேயம் அல்லாத அல்லூரில் ஊராருக்குப் பொதுவாக இருந்தது என்று கண்டார். ஒரு கல்வெட்டில் மனத்தைப் பறிகொடுக்கிறவருக்கு இது எட்டாது. சுவையே இல்லாத நிலவிற்பனைக் கல்வெட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும், அதைத் துறைப் பயிற்சி தருகிறது. ஆர்வலர் எழுத்தின் நோயும் இங்கேதான் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை, ஒரு மாலைப்பொழுது அங்கே நின்றாலே கலைந்துவிடும். ஆனாலும் பெருமை மேலிட ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். துறையாளர் எழுத்தின் நோய் வேறு வகை. சோழ அரசு மையப்பட்டதா, வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் சொன்னதுபோல் கூறுகளாகப் பிரிந்திருந்ததா என்ற சண்டையில், எதிராளியை அறியாத வாசகரை நடுவில் நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒருவர் வாசகருக்குப் பிடித்ததைச் சொல்லிப் பிழைக்கிறார், மற்றவர் வாசகர் இருப்பதையே மறக்கிறார்.

இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான் என்பதற்கு ஐராவதம் மகாதேவன் சாட்சி. தொழிலால் அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு ‘தினமணி’ ஆசிரியர். புகளூர்ச் சேரர் கல்வெட்டுகளை 1960களில் படித்து விளக்கினார். தமிழ்ப் பிராமி ஆய்வை 2003இல் பெருநூலாக்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அதன் வெளியீட்டில் பங்கேற்றது. ஆர்வலர் என்பதற்காக அவருக்கு யாரும் சலுகை காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு குகைக் கல்வெட்டுக்கும் தன் வாசிப்போடு எழுத்துகளின் படியையும் அச்சிட்டார். அவர் படித்தது தவறு என்று நினைப்பவர் அந்தப் படியை வைத்தே அவரை மறுக்கலாம். தன்னை மறுக்கும் கருவியை வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுகிற இந்தத் துணிவைத்தான் வரலாற்று எழுத்தில் முதலில் தேட வேண்டும். எழுதியவரின் பட்டத்தையும் பதவியையும் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.